ஆற்றுத் திட்டில் கவிழ்ந்த சூப்பர் கப் விமானத்தை எப்படி மீட்பது?

வணக்கம். அலாஸ்காவில், ஆங்கரேஜில் இருக்கிறேன். போன சனிக்கிழமை நண்பரும் நானும் அவருடைய பைப்பர் சூப்பர் கப்பில், சாலையே இல்லாத ஓர் ஆற்றுத் திட்டில் இறங்கினோம். 31 அங்குல டயர், நேர் எதிர்க்காற்று. தரை உறுதியா என்று பார்க்க, முதல் சுற்றில் சக்கரத்தைச் சரளையில் லேசாக உரசிவிட்டு மேலே ஏறி, தடத்தில் தண்ணீர் ஊறுகிறதா என்றும் பார்த்தோம். ஊறவில்லை.

ஆனால் நாங்கள் உரசிய இடத்தைத் தாண்டி வண்டல் மண் இருந்திருக்கிறது. சக்கரம் புதைந்தது, வால் எழும்பியது, அடுத்த நொடி பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். சட்டைப் பையிலிருந்த சில்லறை எல்லாம் கூரையில்! இருவருக்கும் சிராய்ப்புதான்.

புரொப்பெல்லர் வளைந்துவிட்டது, இறக்கையைத் தாங்கும் கம்பியான ஸ்ட்ரட் ஒன்றும் மடங்கியிருக்கிறது. ஸ்ட்ரட் சேதம் என்பதால் விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்டிஎஸ்பிக்குத் தகவல் சொல்லிவிட்டோம், நகர்த்தலாம் என்றார்கள். நண்பரோ, புரொப்பெல்லரையும் ஸ்ட்ரட்டையும் அங்கேயே மாற்றிப் பறந்து வந்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அடிபட்டு நின்றது; உள்ளே சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பிரித்துப் பார்க்காமல் எப்படி நம்புவது?

ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த அனுபவம் யாருக்காவது உண்டா? இறக்கைகளைக் கழற்றித்தான் தூக்க வேண்டுமா? சுமாராக என்ன செலவாகும்? பனியாறு உருகி வரும் ஆறு இது. வெயில் அடித்தால் சாயங்காலம் தண்ணீர் ஏறிவிடும். சீக்கிரம் சொல்லுங்கள்.