மறு: [கலைச்சொல்] வகுப்பு போடாத மருத்துவப் பட்டத்துக்கு என்ன பேர்?

எல்லாருக்கும் வணக்கம். பிரிட்டன்ல முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புன்னு எதுவும் போடாம கொடுக்கிற மருத்துவப் பட்டத்துக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு கேட்டிருந்தேன், வந்த பதில்களுக்கு இது.

> "தரமிலாப் பட்டம்"னு வெச்சுக்கலாமே தங்கச்சி, சுருக்கமா இருக்கு.

அண்ணா, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். இங்க மொரீசியஸ்ல எச்எஸ்சி ரிசல்ட் ஷீட்ல ஒரு பாடத்துக்கு நேரா, தேர்வு நடத்துற கேம்பிரிட்ஜ்காரங்க 'யூ'ன்னு போட்டிருந்தா, தரம் கொடுக்கிற அளவுக்குக்கூட மார்க் வரலைன்னு அர்த்தம், அதாவது ஃபெயில். அந்த 'யூ'வைப் பார்த்து வளர்ந்த பிள்ளைங்ககிட்ட போய், அஞ்சாறு வருஷம் ராப்பகலா படிச்சு வந்த டாக்டரோட பட்டத்தை 'தரமிலா'ன்னு சொன்னா என்ன நினைப்பாங்க? 'தரமில்லாத சாமான்'னு கடைத்தெருவுல சொல்றது எதை, மட்டமானதைத்தானே.

நான் போடற சொல்லடைவுல இந்தப் பதிவு எதுக்குன்னா, பிரிட்டன்ல மத்த இளங்கலைப் பட்டத்துக்கெல்லாம் வகுப்பு உண்டு, 70க்கு மேல முதல் வகுப்பு, 60லேருந்து இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 50லேருந்து கீழ்ப்பிரிவு, 40லேருந்து மூன்றாம் வகுப்பு. நம்ம மொரீசியஸ் பல்கலைக்கழகமும் அந்த வழிதான், அதனால இங்க யாரு பட்டம் வாங்கினாலும் முதல் கேள்வியே "என்ன கிளாஸ்?" தான். எச்எஸ்சில முதல் இடங்கள்ல வந்து அரசு உதவித்தொகை வாங்கற 'லோரியா' யாருன்னு நாடே ரேடியோவைக் கேட்டுட்டு உக்காந்திருக்கிற ஊரு இது. ஆனா அதே பிரிட்டன்ல மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் மூணுக்கும் பெரும்பாலும் வகுப்பே போடறதில்ல.

இங்க ரோஸ் ஹில் ஊர்ல என் சித்தி பொண்ணு வீட்டு ஹால்ல ரெண்டு ஃபிரேம் மாட்டியிருக்கும். ஒண்ணு, எம்பிபிஎஸ் படிக்கும்போதே நடுவுல ஒரு வருஷம் ஒதுங்கி முடிச்ச பிஎஸ்சி, அதுல முதல் வகுப்புன்னு பளிச்சுனு இருக்கு. பக்கத்துலயே எம்பிபிஎஸ், அதுல அவ பேரு, பட்டத்தோட பேரு, தேதி, அவ்வளவுதான். வர்ற சொந்தக்காரங்க ரெண்டாவதைப் பார்த்துட்டு "இதுல ஏன் ஒண்ணும் போடல, பார்டர்ல பாஸா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த ரெண்டாவது தாள்தான் கஷ்டமானது.

> மார்க் இருக்கும்போது வகுப்பு போட என்ன தடை?

மார்க் இருக்கு அண்ணா, ஆனா அது வேற வேலை செய்யுது. மத்த டிகிரியில ஒரு பாடத்துல கொஞ்சம் சறுக்கினாலும் இன்னொண்ணுல எடுத்து சராசரியை ஏத்திக்கலாம், அந்த சராசரிதான் கடைசியில வகுப்பா ஆகுது. இங்க மருந்தியல்ல 85 வாங்கினேன், அதனால நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கிறதுல தவறினது பரவாயில்லன்னு விட முடியுமா? எழுத்துத் தேர்வு தனியா, செய்முறைத் தேர்வு தனியா பாஸ் ஆகணும். இந்த ஆளை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாமா, கூடாதா, அதுதான் கேள்வி. அதுக்கு மேல நல்லா செஞ்சவங்களுக்கு மெரிட், டிஸ்டிங்ஷன்னு தனியா குறிப்பாங்க. இன்னொண்ணு, பேர்ல இளங்கலைன்னு இருந்தாலும் அங்க படிப்புகளை நிலை நிலையா அடுக்கிற தகுதிச் சட்டகத்துல இதை முதுகலை நிலையிலதான் வெச்சிருக்காங்க.

எல்லா ஊர்லயும் இப்படின்னு நினைச்சுடக் கூடாது. இலங்கையில எம்பிபிஎஸ்-க்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புன்னு கொடுக்கறாங்க. பக்கத்துல பிரெஞ்சுத் தீவு ரீயூனியன் பிள்ளைங்க போற பிரெஞ்சு முறையில வகுப்பு பேச்சே இல்ல, ஆனா ஆறாவது வருஷத்து தேசியத் தேர்வுகள்ல நீ எத்தனாவதா வந்தங்கறதுதான் எந்தத் துறை, எந்த ஊருன்னு பெரும்பாலும் முடிவு பண்ணும். பிரிட்டன்லயும் வேலை ஒதுக்கறதுக்கு மாணவர்களைப் பத்துப் பங்கா பிரிச்சு வரிசைப்படுத்திட்டு இருந்தாங்க, 2024லேருந்து அதையும் எடுத்துட்டாங்க.

இப்ப சொல்லுக்கு வரேன். 'வகுப்பில்லாப் பட்டம்'னு ஐயா ஒருத்தர் எழுதியிருந்தார். தப்பு சொல்ல முடியாது, ஆனா 'இல்லா'ன்னதும் இருக்க வேண்டியது ஏதோ இல்லாமப் போன மாதிரி படுது. நான் கேக்கறது 'வகுப்பிடாப் பட்டம்'. மதிப்பெண் இடறோம், கையெழுத்து இடறோம், அதே 'இடு'. வகுப்பு இடாதது பல்கலைக்கழகம், தெரிஞ்சே எடுத்த முடிவு அது, படிச்ச பிள்ளையோட குறை இல்ல. சொல்லுலயே அது தெரியணும்னு ஆசைப்படறேன்.

மெரிட், டிஸ்டிங்ஷன் ரெண்டுக்கும் 'சிறப்பு'ன்னு ஆரம்பிக்கிற எதுவும் வேணாம். ஆனர்ஸுக்கு இலங்கை வழக்குல 'சிறப்புப் பட்டம்'னு ஏற்கனவே ஓடிட்டிருக்கு, முட்டிக்கும். போதாததுக்கு தென்னாப்பிரிக்காவுல ஆனர்ஸ்ங்கறது மூணு வருஷ டிகிரிக்கு அப்புறம் தனியா படிக்கிற ஒரு வருஷப் படிப்பு, கால்நடை மருத்துவத்துக்கு அங்க ஒன்டர்ஸ்டெபோர்ட்ல இருக்கிற பிரிட்டோரியா பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போற பிள்ளைங்க அந்த வார்த்தையை அங்க வேற அர்த்தத்துல கேப்பாங்க. அதனால பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் மூணுக்கும் தேர்ச்சி, நற்றேர்ச்சி, உயர்தேர்ச்சி. மூணும் தேர்ச்சியில நிக்குது, ஏன்னா அடிப்படை பாஸ்தான், மத்தது அதுமேல வைக்கிற குறிப்பு.

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கிற அக்கா, அண்ணன்மார் யாராவது, உங்க ஊர்ல நல்லா செஞ்சவங்களுக்கு லத்தீன்ல 'கும் லாவ்டே'ன்னு (பாராட்டோடன்னு அர்த்தம்) போடறாங்களே, அதையும் உயர்தேர்ச்சியில அடக்கலாமா, இல்ல தனிச்சொல் வேணுமான்னு சொல்லுங்க. பல் மருத்துவம் படிச்சவங்க பதிலையும் பார்த்துட்டுத்தான் பதிவை முடிப்பேன்.