52 − 17 = 45 என்று எழுதும் மாணவி

கேள்வி: நான்காம் வகுப்பு, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்). கழித்தலே புரியவில்லையா, எழுதும்போதுதான் தவறுகிறாளா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1: நோட்டை மூடிவிடுங்கள். 5 பத்துக்கட்டு, 2 தனிக்குச்சி கொடுத்து 17 எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்த்து 35 மீதம் வைத்தால் கருத்து இருக்கிறது, சிக்கல் எழுத்தில். கட்டையே அவிழ்க்கத் தோன்றவில்லையென்றால் இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 45 வருவது 2-இல் 7 போகாதென்று 7-இல் 2-ஐக் கழிப்பதாலும் இருக்கலாம், கடன் வாங்கிவிட்டு 5 பத்தை 4 ஆக்க மறப்பதாலும் இருக்கலாம்.

பதில் 2: எழுத்தில் சிக்கலென்றால் 1 செ.மீ. கட்டத்தாள், கட்டத்துக்கு ஓர் இலக்கம். பத்துக்கும் ஒன்றுக்கும் வேறு வேறு நிறம். பக்கத்துக்கு 4 கணக்கு போதும். ஸ்டாப்வாட்ச் வேண்டவே வேண்டாம்.

பதில் 3: ஆங்கில வழியா? 'செவன்டீன்' என்றால் ஏழு முதலில் காதில் விழும், 71 என்று எழுதுவார்கள். 'பதினேழு' பத்தில் தொடங்குவதால் தமிழில் சொல்லவிடுங்கள். 'தொண்ணூறு' மட்டும் காலை வாரும். நூறு என்றே கேட்கும்!