சிப்பிக்கு முக்குளிக்கவும் தூண்டில் போடவும் எந்தக் கயாக்?

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்):
ஞாயிறுதோறும் பாறையில் சிப்பி எடுக்க முக்குளிப்பேன். திரும்பும் வழியில் தூண்டில். மாமாவின் கட்டுமரத்தில் போய்வந்தேன், அதை விற்றுவிட்டார். பழைய கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) ஒன்று மலிவாக வருகிறது: உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை, 24 அங்குல அகலம். என் எடை 82 கிலோ. வாங்கலாமா?

பதில் (பூவாறு):
வேண்டாம் தம்பி. அது வேகத்துக்கானது. கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறையும். கடலில் இறைத்து மாளாது. மேலே உட்காரும் வகை பாருங்கள்: 10 முதல் 12 அடி நீளம், 32 அங்குல அகலம். ஏறிய தண்ணீர் தளத்துத் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். கட்டுமரம் ஓட்டியவருக்கு இதிலென்ன புதுமை!

பதில் (நீரோடி):
பழையதென்றால் அந்தத் துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நான் தடவவில்லை. மயிரிழை விரிசல், கரையேற்றிக் குலுக்கினால் கயாக்கின் வயிற்றுக்குள் அரைக்குடம் தண்ணீர்.

கேட்டவர்:
அண்ணன்மாரே, அகலமான ஒன்றைக் குளத்தில் சோதித்தேன். தண்ணீரிலிருந்து ஏறும்போது இரண்டு முறை வழுக்கி, மூன்றாவதில் வயிற்றால் ஊர்ந்து ஏறிவிட்டேன். சிப்பிச் சாக்கை எங்கே கட்டுவது?

பதில் (பூவாறு):
இருக்கையை ஒட்டி. பின்முனையில் கட்டினால் மூக்கு தூக்கும். முக்குளிக்கும் முன் நங்கூரம் போடுங்கள். ஆனி, ஆடியில் இறங்கவே வேண்டாம்.