உதவி தேவை: கேம்பர்வேன் ஃபிரிட்ஜ் விடியற்காலை 3 மணிக்கு நின்றுவிடுகிறது, அம்மாவின் இன்சுலின் அதில்தான்

ஈசூன்வாசி:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் 11 நாள் பயணம் கிளம்புகிறோம். ஜோகூர் பாருவில் இருக்கும் மாமா (அம்மாவின் தம்பி) ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, படுக்கை, சிங்க், ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் கேம்பர்வேனாக மாற்றியிருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டிப் போய் அங்கே ஏறிக்கொள்வோம். மலாக்கா, சிரம்பான், ஈப்போ, சுங்கை சிப்புட், கடைசியாகச் சுங்கை பட்டாணி. வழியெல்லாம் சொந்தக்காரர் வீடுகள்.

அம்மாவுக்கு 74 வயது. சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவர். பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். முழங்கால் தேய்ந்துபோய் இனி அவரால் சிங்கப்பூர் வர முடியாது, அம்மாதான் போய்ப் பார்க்க வேண்டும். ஜோகூர் பாருவிலிருந்தே 550 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார அம்மாவால் முடியாது. வேன் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் கால் நீட்டிப் படுக்கலாம்.

பிரச்சினை இதுதான். செப்டம்பரில் போர்ட் டிக்சனுக்கு ஒரு ராத்திரி ஒத்திகை போனோம். ஃபிரிட்ஜ் 45 லிட்டர், 12 வோல்ட் கம்ப்ரெசர் வகை. பின்னால் தனியாக 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி (மூடிய ஈய-அமில வகை), வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. சாயங்காலம் எல்லாம் சரியாக ஓடியது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் கம்ப்ரெசர் 'டக்' என்று தொடங்கி, சில நொடியில் நின்று, திரையில் எஃப்1 என்று மின்னியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே 'டக்'. காலையில் உள்ளே 15 டிகிரி. அன்று பால் பாக்கெட்டும் மீனும்தான் இருந்தன. அடுத்த தடவை இன்சுலின் இருக்கும். என்ன செய்வது?

பாசிர் ரிஸ் தம்பி:
பேட்டரி போதவில்லை அண்ணே. 200 ஆம்பியர்-மணி லித்தியம் போட்டுவிடுங்கள், கவலையே இல்லை.

ஈசூன்வாசி:
விலை விசாரித்தேன் தம்பி. மாமா ஓய்வுபெற்றவர், வேனுக்கே நிறையச் செலவழித்துவிட்டார். வேறு வழி இல்லையென்றால் நாங்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்துவிடுவோம். அதற்கு முன் காரணம் அதுதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

வயரிங்காரன்:
எதையும் வாங்காதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த அளவு ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். நம் வெக்கையில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 10 மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரியில் பாதியை எடுத்தாலே 50 இருக்கிறது. ஒரு ராத்திரிக்குத் தாராளம். அப்படியிருந்தும் நிற்கிறது என்றால், கரண்ட் பேட்டரியில் இருக்கிறது, ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேரவில்லை.

எஃப்1 என்பது பல மாடல்களில் மின்னழுத்தம் குறைந்ததற்கான குறி. ஒரு சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) போதும். கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே (இது முக்கியம், நின்றிருக்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது) பேட்டரி முனைகளில் ஒரு தடவை, ஃபிரிட்ஜ் செருகும் சாக்கெட்டில் ஒரு தடவை அளந்து சொல்லுங்கள். வயர் எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம் என்றும் பாருங்கள். மேனுவலில் 'பேட்டரி பாதுகாப்பு' (வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஃபிரிட்ஜ் தானே நின்றுவிடும் அமைப்பு) என்று ஒரு பக்கம் இருக்கும், அதையும் படியுங்கள்.

ஈசூன்வாசி:
மாமா அளந்தார், நான் வீடியோ காலில் பார்த்தேன். பேட்டரியில் 12.4, சாக்கெட்டில் 11.2. சிகரெட் லைட்டர் சாக்கெட்தான். பிளக்கை உருவிக் காட்டினார், நுனியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது என்றார். வயர் ஸ்பீக்கருக்குப் போடுகிற மெல்லிய வயர், 0.75 சதுர மில்லிமீட்டர், பேட்டரியிலிருந்து 5 மீட்டர். பாதுகாப்பு 'உயர்' நிலையில் இருக்கிறது. மேனுவல்படி 11.3 வோல்ட்டில் நிறுத்திவிடும்.

வயரிங்காரன்:
அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. 5 மீட்டர் என்றால் போக, வர 10 மீட்டர் வயர். அந்தத் தடிமனில் 5 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே சுமார் 1.2 வோல்ட் போய்விடும். நீங்கள் அளந்ததும் அதேதான். சாயங்காலம் பேட்டரி நிறைந்து 12.7 இருக்கும்போது ஃபிரிட்ஜுக்கு 11.5 கிடைக்கிறது, ஓடுகிறது. ராத்திரி பேட்டரி 12.4க்கு இறங்கியதும் ஃபிரிட்ஜ் பார்ப்பது 11.2. 11.3 என்ற கோட்டுக்குக் கீழே போனதும் நிறுத்திவிடுகிறது. நின்றதும் இழுப்பு இல்லாததால் வோல்ட் ஏறும், மறுபடி தொடங்கும், மறுபடி இறங்கும். அந்த 'டக்' சத்தம் அதுதான்.

6 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், இழப்பு 0.15 வோல்ட் அளவுக்குக் குறைந்துவிடும். லைட்டர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஆண்டர்சன் பிளக் (இறுக்கமாகப் பிடிக்கும் தடித்த 12 வோல்ட் இணைப்பான்) வையுங்கள். வண்டி குலுங்கினாலும் பிடிப்பு தளராது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். குழந்தைகள் தூங்குகிற வண்டி, உருகின பிளக்கோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை (லக்) அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) அதற்கான கருவி வேண்டும், சாதாரணக் குறடால் நசுக்கக் கூடாது.

'உயர்' நிலை வண்டி ஸ்டார்ட் பேட்டரிக்கானது. உங்களுடையது தனி பேட்டரி, 'நடுத்தர'த்தில் வைக்கலாம். ஆனால் வயரை மாற்றிய பிறகு. அந்த மெல்லிய வயரை வைத்துக்கொண்டு நிலையை மட்டும் இறக்கினால் பிளக் இன்னும் மணிக்கணக்கில் சூடாகிக்கொண்டே இருக்கும்.

சொந்தக்காரர் வீட்டில் நிற்கும் ராத்திரிகளில் சார்ஜரை வீட்டு மின்சாரத்தில் செருகிவிடுங்கள். அங்கேயும் நம் மூன்று முள் பிளக்தான், அடாப்டர் வேண்டாம்.

வார்டு 5 அக்கா:
நான் நர்ஸ். வயரிங் பற்றி எனக்குத் தெரியாது, இன்சுலின் பற்றிச் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் ஃபிரிட்ஜின் டிகிரியை முழுக்கக் குறைத்து வைப்பார்கள், அது இன்னும் ஆபத்து. உறைந்துபோன இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் நம்ப முடியாது. கம்ப்ரெசர் ஃபிரிட்ஜில் சுவரை ஒட்டினால் உறையலாம். ஒரு டப்பாவில் போட்டு, துணி சுற்றி, நடுவில் வையுங்கள். 4 டிகிரியில் வைத்து, உள்ளே தனியாக ஒரு சின்னத் தெர்மாமீட்டரும் போடுங்கள்.

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனாவுக்குப் பொதுவாக ஃபிரிட்ஜ் தேவையில்லை. பல வகைகள் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். அம்மாவுடையது எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள், மருந்தாளரிடமும் கேளுங்கள். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 30 டிகிரி என்பது கனவு. சாப்பிட இறங்கும்போது பேனா அம்மாவின் கைப்பையில் கூடவே இறங்க வேண்டும்.

இருப்பை இரண்டாகப் பிரியுங்கள். பாதி ஃபிரிட்ஜில், பாதி ஐஸ் பையோடு நல்ல ஃபிளாஸ்க்கில், ஐஸ் நேராகத் தொடாமல். மருத்துவர் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும், ஊசிகள் இருக்கின்றன அல்லவா.

தோட்டத்துப் பேரன்:
பாட்டி மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி மருந்து வைப்பார். அது உதவுமா அக்கா?

வார்டு 5 அக்கா:
வறண்ட ஊரில் நன்றாக உதவும் தம்பி. இங்கே காற்றே ஈரம், தண்ணீர் ஆவியானால்தானே குளிரும். இதை நம்பி 11 நாள் போக வேண்டாம்.

பாசிர் ரிஸ் தம்பி:
பேட்டரி விஷயத்தில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். விஇபி (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் நுழைவதற்கான அனுமதி) எடுத்துவிட்டீர்களா?

ஈசூன்வாசி:
வேன் மலேசியப் பதிவு, அதனால் தேவையில்லை. சிங்கப்பூர் வண்டியில் போகிறவர்களுக்குத்தான் விஇபியும், கிளம்பும்போது முக்கால் டாங்க் எரிபொருளும்.

ஈசூன்வாசி (இரண்டு வாரம் கழித்து):
சனிக்கிழமை வயரும் பிளக்கும் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். பழைய வயரை உருவும்போது ஓர் இடத்தில் இருக்கையின் இரும்புக் காலுக்கு அடியில் நசுங்கித் தோல் உரிந்திருந்தது. ஃபியூஸும் இல்லை. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. புதிய வயரைக் குழாய்க்குள் விட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோனோம்.

ராத்திரி 9 மணிக்குச் சார்ஜரை எடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில்களால் ஃபிரிட்ஜை நிரப்பினோம். காலை 6 மணிக்குக் கம்ப்ரெசர் ஓடும்போது பேட்டரியில் 12.4, ஃபிரிட்ஜ் முனையில் 12.2. தெர்மாமீட்டரில் 4 டிகிரி. பிளக் துளிகூடச் சூடில்லை. அம்மா தூங்கி எழுந்ததும் நேராக வேனுக்கு வந்து தானே ஃபிரிட்ஜைத் திறந்து கைவைத்துப் பார்த்தார். அப்புறம்தான் பெரியம்மாவுக்குப் போன் போட்டு வரப்போகும் நாளைச் சொன்னார்.

வயரிங்காரன் அண்ணனுக்கும் அக்காவுக்கும் எங்கள் வீட்டார் எல்லாரின் நன்றி. ஃபிளாஸ்க் வாங்கியாயிற்று, கடிதத்துக்கு அடுத்த வாரம் கிளினிக் போகிறோம். உபரி ஃபியூஸ் இரண்டும் மல்டிமீட்டரும் டேஷ்போர்டில் இருக்கின்றன.