மோட்டார் போட்டும் சனி ஓடிவிடுகிறது, கணினி மவுண்டுக்கு மாறலாமா?

கேள்வி:

வணக்கம். என்னிடம் இருப்பது 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 650 மி.மீ. ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது ஒரு அச்சை வான துருவத்தை நோக்கி வைத்து வானத்தோடு சுழற்றும் தாங்கி. அதில் ஒரு அச்சுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். பெரியப்பா கொடுத்தது, கையேடு எதுவும் இல்லை.

10 மி.மீ. ஐபீஸோடு (கண் வைக்கும் லென்ஸ்) 2 மடங்கு பார்லோ (பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) போட்டு சனியை நடுவில் நிறுத்துகிறேன். நான் விலகி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்டூலில் ஏறிக் கண்ணை வைப்பதற்குள் சனி ஓரத்துக்குப் போய்விடுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மோட்டார் இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு 45 வினாடி. மோட்டாரைப் போட்டால் 20, 25 வினாடிதான்! மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்கிறது. வடக்குப் பக்கம் கட்டடம் மறைப்பதால் துருவ நட்சத்திரம் தெரியாது. திசைகாட்டியில் வடக்கு பார்த்து, அட்சரேகை அளவை மட்டும் சரியாக வைத்தேன்.

இதை விட்டுவிட்டு கோ-டு மவுண்ட் (தானே தேடிக் காட்டும் கணினி மவுண்ட்) வாங்கு, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

முதல் பதில்:

அவசரப்பட்டு வாங்காதீர்கள். நேரத்தை அளந்து எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி.

வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. உங்கள் ஐபீஸும் பார்லோவும் சேர்ந்து 130 மடங்கு பெருக்கம். 50 டிகிரி பார்வை அகலமுள்ள சாதாரண ஐபீஸ் என்றால் கண்ணில் விழும் வானம் 0.38 டிகிரிதான். அதில் பாதியைக் கடக்க 45 வினாடி ஆகும், கணக்கு சரியாக வருகிறது. மோட்டார் பாதிப்பே இல்லாமல் சும்மா சுற்றினால், அதாவது கிளட்ச் (மோட்டாரை அச்சோடு பிணைக்கும் பிடி) இறுகாமல் இருந்தால், மோட்டாரைப் போட்டாலும் அதே 45 வினாடிதான் வந்திருக்கும். அச்சு துருவத்தை விட்டுப் பிசகியிருக்கிறது என்றால் அதுவும் இவ்வளவு வேகமாகத் தள்ளாது. ஐந்து டிகிரி பிசகினாலும் எட்டு, ஒன்பது நிமிடம் படம் உள்ளேயே நிற்கும். உங்களுக்கு நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அப்படியானால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. வானம் ஒரு பக்கம் போக, குழாய் மறுபக்கம் போகிறது.

மோட்டார் பெட்டியில் வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்று மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், ஒரு நட்சத்திரத்தை ஐபீஸில் வைத்துக்கொண்டு அது அசையாமல் நிற்கும்வரை மெல்லத் திருப்புங்கள். கிளட்சை இறுக்குங்கள். அப்புறம் எதிர்எடையையும் பாருங்கள். கையை எடுத்தால் குழாய் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. இந்தச் சின்ன மோட்டார்களுக்கு அந்தப் பாரத்தை இழுக்கும் பலம் கிடையாது.

கேட்டவர்:

சுவிட்ச்தான்! பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் தூசியில் மறைந்திருந்தது. இப்போது பத்து நிமிடம் வரை நிற்கிறது, மெதுவாக மேல்நோக்கி நகர்கிறது. மிக்க நன்றி அண்ணா. ஆனால் மவுண்ட் கேள்வி இன்னும் இருக்கிறது. கோள்கள் தாண்டி நெபுலா, விண்மீன் கூட்டம் எல்லாம் பார்க்க ஆசை. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஃபைண்டரில் (குறிபார்க்கும் சின்னக் குழாய்) ஒன்றுமே தெரிவதில்லை.

முதல் பதிலளித்தவர்:

மேல்நோக்கி நகர்வது துருவப் பிசகு. கண்ணால் பார்க்க அது போதும், படம் எடுக்கப் போதாது.

இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று தேடிக் கண்டுபிடிப்பது, இன்னொன்று கண்டதைப் பின்தொடர்வது. உங்கள் மோட்டார் பின்தொடரும், தேடாது. கணினி மவுண்ட் இரண்டையும் செய்யும். கோள்களும் நிலாவும் கண்ணுக்கே தெரிவதால் தேட ஆள் வேண்டாம். கார்த்திகைக் கூட்டமும் ஓரியன் நெபுலாவும் கூட அப்படித்தான். இந்த மவுண்டை ஒரு வருடம் வைத்துப் பழகுங்கள் என்பேன். தானே தேடிக் கண்டது மனதில் நிற்கும்.

இரண்டாம் பதில்:

இதில் எனக்கு ஒத்துப்போகவில்லை. இருண்ட வானம் இருந்தால் தேடிப் பழகலாம். வழிகாட்டும் நட்சத்திரங்களே தெரியாத இடத்தில் எதைப் பிடித்து நடப்பது? பள்ளி நாளில் குழந்தை விழித்திருப்பது ஒரு மணி நேரம், அதில் முக்கால் மணியை அப்பா தேடிக்கொண்டிருந்தால் அவள் தூங்கிவிடுவாள். துருவமும் தெரியாது என்கிறீர்கள். ஆல்ட்-அஸிமத் வகை (மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பும்) கோ-டு மவுண்டுக்குத் துருவம் தேவையே இல்லை. நீண்ட நேரப் படம் எடுத்தால் மட்டும் காட்சி சுழலும்.

ஆனால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். முதல் இரவில் என் மவுண்ட் சனியைத் தேடித் தரையைக் காட்டியது. சில கருவிகள் மாதத்தை முதலில் கேட்கும், நான் தேதியை முதலில் போட்டிருந்தேன். நேர மண்டலம், கோடைக்கால நேரம் இரண்டையும் சரிபாருங்கள். பேட்டரி இறங்கினால் கைக்கருவி பாதியில் அணைந்து, தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டிக் கருவிக்குத் திசை புரியவைக்கும் வேலையை (அலைன்மெண்ட்) மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். 12 வோல்ட் மின்கலப் பெட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

அதற்கு நட்சத்திரமும் தெரிந்திருக்க வேண்டும். கருவி ஆர்க்டூரஸ் என்று கேட்பது நம் சுவாதி, ஸ்பைகா என்பது சித்திரை, ரெகுலஸ் மகம். சுவாதியும் சித்திரையும் கொஞ்சம் பக்கம், சுவாதியும் மகமும் எடுத்தால் 60 டிகிரி இடைவெளி கிடைக்கும். தவறான நட்சத்திரத்தைக் காட்டினால் இரவு முழுக்க எல்லாம் பிசகும்.

மூன்றாம் பதில்:

நடுவழி ஒன்று உண்டு. செல்லஸ்ட்ரானின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் வகைகளில் கைபேசி கேமரா வானத்தைப் படமெடுத்து, குழாய் எங்கே பார்க்கிறது என்று சொல்லும். கையால்தான் தள்ள வேண்டும். தேடும் சிக்கல் தீரும், பின்தொடராது. உங்களுக்கு இருக்கும் சிக்கலில் பாதிதான் அதில் தீரும்.

கேட்டவர்:

யோசித்துவிட்டேன். இந்தப் பருவம் முழுக்க இந்த மோட்டாரிலேயே கோள்களைப் பார்த்து, அலைன்மெண்டுக்குத் தேவையான நட்சத்திரங்களைக் கற்றுக்கொள்கிறோம். அடுத்ததாக ஆல்ட்-அஸிமத் கோ-டு வாங்குகிறேன், மின்கலப் பெட்டியோடு.

நேற்று மகள் ஏழெட்டு நிமிடம் கண்ணை எடுக்கவே இல்லை. வளையத்தின் நீளத்தைப் போல நாலு மடங்கு தள்ளி ஒரு சின்னப் புள்ளி கூடவே நிற்கிறது, அது என்ன அப்பா என்று கேட்டாள். வரைபடத்தில் பார்த்தோம். சனியின் நிலா டைட்டன். இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை.