மூன்று வேளை கறந்தால் பால் கூடுமா?

டயகமவிலிருந்து கேட்கிறேன். கலப்பு பிறீசியன் மாடு, இரண்டாவது ஈற்று, கன்று போட்டு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. விடிய ஐந்து மணிக்குக் கறந்துவிட்டு கொழுந்து எடுக்கப் போனால் பின்னேரம் ஐந்துக்குத்தான் அடுத்த கறவை, இரண்டும் சேர்த்து 12 லீற்றர் மட்டில் வரும். மத்தியானமே மடி இறுகி, காம்பில் சொட்டுகிறது. பக்கத்து லயத்து அண்ணன் மூன்று வேளை கறக்கச் சொல்கிறார். மாமியாரோ மாடு எலும்பாகிவிடும் என்கிறார். எதைக் கேட்பது?

பதில் 1
அண்ணன் சொல்வது சரிதான் அக்கா. மடியில் பால் தேங்கத் தேங்க சுரப்பு மந்தமாகும், எடுத்துவிட்டால் திரும்ப ஊறும். மூன்று வேளையாக்கினால் பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 15 வரை கூடும், அதாவது உங்கள் மாட்டில் ஒன்றரை லீற்றர் அளவு. கன்று போட்ட முதல் வாரங்களில் அடிக்கடி கறந்தால், பிறகு இரண்டு வேளைக்கு மாறினாலும் அந்தக் கூடுதலில் கொஞ்சம் நிற்கும். ஆனால் அதற்காக மத்தியானம் கொழுந்து மலையை விட்டு யார் இறங்கி வருவது?

பதில் 2
மாமியார் பேச்சையும் தள்ளிவிட முடியாது. கன்று போட்ட புதிதில் மாடு தின்கிறதை விட அதிகமாகப் பாலில் போகும், மிச்சத்தை உடம்பிலிருந்துதான் எடுக்கும். வெறும் புல்லை மட்டும் போட்டுவிட்டு மூன்று வேளை கறந்தால் விலா தெரியும், சினைக்கு வருவதும் பிந்தும். புண்ணாக்கு, தீவனம் கூட்ட வேண்டும், தண்ணீர் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். அப்புறம், எங்கள் பக்கம் பால் வண்டி காலையில் மட்டும்தான். மத்தியானப் பாலை எங்கே வைப்பது?

பதில் 3
வேளையைக் கூட்டுவதற்கு முன் கறவையைப் பாருங்கள். மடியைக் கழுவித் துடைத்ததும் பால் இறங்கும், அது சில நிமிடம்தான் நிற்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். கடைசியில் வருவதுதான் கொழுப்புப் பால், அதை விட்டுவிட்டால் விலையும் குறையும், சுரப்பும் குறையும். சொட்டுகிற காம்பு வழியாக மடிநோய் சுலபமாக ஏறும். கறந்த கையோடு புல்லைப் போட்டால் அரை மணி நேரம் படுக்காமல் நிற்கும், காம்புத் துவாரமும் மூடிக்கொள்ளும்.

கேட்டவர்
மகன் பாடசாலை விட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவான். அவனுக்குக் கறக்கத் தெரியும்.

பதில் 1
அப்படியானால் செய்யலாம். ஆனால் இரண்டுக்குக் கறந்துவிட்டு ஐந்துக்குத் திரும்பக் கறந்து பலனில்லை, கடைசிக் கறவையை இரவு ஒன்பதுக்குத் தள்ளுங்கள். தீவனத்துக்கான கூடுதல் செலவை முதலில் கணக்குப் பாருங்கள், கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிடுங்கள்.