அமெரிக்காவில் தகவல் தனியுரிமை: நாடு முழுவதற்கும் ஒரே சட்டமா, மாநிலத்துக்கு ஒரு சட்டமா?

கேள்வி

வணக்கம். முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் திரட்டி விற்கும் ஒரு நிறுவனத்திடம், என் விவரங்களை நீக்கும்படி அண்மையில் விண்ணப்பித்தேன். படிவத்தின் முதல் கட்டமே நான் வசிக்கும் மாநிலத்தைக் கேட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து குடிபெயர்ந்துவிட்டதால் புதிய மாநிலத்தைக் குறித்தேன். அங்கே இந்த உரிமை இல்லை என்ற ஒற்றை வரியோடு படிவம் முடிந்துவிட்டது. அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே தொலைபேசி எண். வீடு மாறியதும் உரிமை போய்விட்டது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தால் இந்தக் குறை தீராதா? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏன் இன்னும் அதை இயற்றவில்லை?

பதில் 1

உங்கள் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. கலிஃபோர்னியா 2018இல் இயற்றிய தனியுரிமைச் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021இல் விர்ஜினியாவும் கொலராடோவும் தொடர்ந்தன. இன்று சுமார் 20 மாநிலங்களில் இத்தகைய சட்டம் உண்டு. ஆனால் ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் வேறு. தகவலைப் பணத்துக்குக் கொடுத்தால் மட்டுமே விர்ஜினியாவில் அது 'விற்பனை'. கலிஃபோர்னியாவிலோ பணமல்லாத வேறு ஆதாயத்துக்குக் கைமாற்றினாலும் விற்பனைதான். நான் பணிபுரியும் இடத்தில் இந்த வேறுபாடுகளுக்கென்றே ஓர் அட்டவணை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடருக்குப் பிறகும் அதில் வரிசைகள் கூடுகின்றன. பொதுச் சட்டம் தேவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

பதில் 2

நண்பர் சொன்ன சிக்கல் உண்மையே. ஆயினும் நாடு முழுவதற்குமான கூட்டரசுச் சட்டம் வேண்டுமா என்பதைவிட, அது வந்தால் மாநிலச் சட்டங்கள் என்னவாகும் என்பதே முதன்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அது குறைந்தபட்சப் பாதுகாப்பை மட்டும் வரையறுத்து, அதற்கு மேலே செல்ல மாநிலங்களை அனுமதிக்கலாம். அல்லது தானே உச்சவரம்பாக நின்று மாநிலச் சட்டங்களைச் செல்லாதவையாக்கலாம்.

இரண்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. மருத்துவத் தகவலுக்கான 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ், அதைவிடக் கடுமையான மாநில விதிகள் செல்லுபடியாகின்றன. மாறாக, விளம்பர மின்னஞ்சல் பற்றிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், ஏமாற்று தொடர்பான விதிகளைத் தவிர மற்ற மாநில விதிகளைப் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளியது. முன் இசைவின்றி விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்று கலிஃபோர்னியா அப்போதுதான் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. 2004 ஜனவரியில் அது நடைமுறைக்கு வரும் முன்பே கூட்டரசுச் சட்டம் அதை மேவிவிட்டது. இன்றுவரை அமெரிக்கர்களுக்கு, வந்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை மட்டுமே இருக்கிறது.

காங்கிரஸில் முயற்சி முட்டி நிற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று தனியுரிமை மசோதாவை 53க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. தங்கள் மாநிலச் சட்டம் வலுவிழக்கும் என்று கலிஃபோர்னியப் பிரதிநிதிகள் எதிர்த்தனர். மசோதா முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

உங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். இப்படி விவரங்களைத் திரட்டி விற்கும் தகவல் தரகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் நீக்கக் கோரும் வசதியைக் கலிஃபோர்னியா 2023இல் சட்டமாக்கியது. உச்சவரம்புச் சட்டம் ஒன்று முன்பே இருந்திருந்தால் அந்த முயற்சி முளைத்திருக்குமா?

பதில் 3

உரிமையை யார் நிலைநாட்டுவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைரேகை, முக அடையாளம் பற்றிய இல்லினாய் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடரலாம். அலட்சியத்துக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே மீறினால் 5,000 டாலர். இதே போன்ற டெக்சஸ் சட்டத்தின்படி, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் மட்டுமே வழக்காட முடியும். இருப்பினும் அவர் 2024இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிடமிருந்து 140 கோடி டாலருக்கு உடன்பாடு பெற்றார் என்பதால், இல்லினாய் வழிதான் ஒரே வழி என்று நான் வாதிட மாட்டேன்.

பதில் 1 எழுதியவர்

மின்னஞ்சல் சட்டத்தின் கதை எனக்கு உறைத்தது. குறைந்தபட்சப் பாதுகாப்பு நாடு முழுவதும், சொற்களின் வரையறை மட்டும் எங்கும் ஒன்று என்றால் என் அட்டவணை பாதியாகச் சுருங்கும்; எனக்கு அது போதும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. என் தங்கை இன்னும் கலிஃபோர்னியாவில்தான் வசிக்கிறாள். அந்த ஒற்றை விண்ணப்பத்தை இன்று மாலை அவளோடு சேர்ந்து நிரப்பப் போகிறேன். என் பழைய முகவரிதான் அவளுடைய முகவரியும்.